ஆத்து ஐஸ் மேல ஒரு காலி பெல்ட்

"மொதல்ல அந்த பெல்ட்டைக் கழட்டு ராய்ஸ்! அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?"

"அவர் சொன்னா? முப்பது வருஷமா பெல்ட் போடாம நான் வண்டி எடுத்ததில்ல."

"ஐஸ் ஒடஞ்சா பெல்ட்டோட உள்ள போவ. போ. நான் நீந்தி வந்து உன் பென்ஷன்ல ஜாலியா இருக்கேன்."

"ஒக்காந்திருக்கறது பின்சீட்டு. வாய் மட்டும் முன்சீட்ல!"

இது என்கூட வேலை பாக்குற பொண்ணு டெனிஸோட அக்கா டார்லீனும் அவ புருஷன் ராய்ஸும் போட்ட சண்டை. நாங்கல்லாம் அமெரிக்காவுல வெர்மாண்ட்காரங்க. பிப்ரவரில ஒரு லாங் வீக்கெண்ட், ரெண்டு பேரும் பார்டர் தாண்டி கனடாவுல கியூபெக் போனாங்க. மாண்ட்ரியல்ல ரெண்டு நாள். பிரெஞ்சு பேசுற ஊரு அது. கடைக்குக் கடை ராய்ஸ் இங்கிலீஷ்ல கத்துவான், எவனும் பதில் சொல்ல மாட்டான். டார்லீனுக்கு மானமே போச்சு. சரி, கிராமப் பக்கமாவது போலாம்னு கெளம்புனாங்க. வழியிலயும் சண்டை. அவ எறங்கி பின்சீட்டுக்குப் போயிட்டா.

சாயங்காலம் ஆறு மணி. நல்லா இருட்டிருச்சு. ஆத்துக்கு எதுத்த கரையிலதான் ரூம் போட்டிருந்தாங்க. பாலம் வழியா சுத்திப் போனா ஒன்றரை மணி நேரம். ஒறஞ்ச ஆத்து மேலயே ஓட்டிட்டுப் போனா பத்து நிமிஷம். அந்த ஊர்க்காரங்க குளிர்காலம் பூரா அப்படித்தான் போவாங்க. ரெண்டு பக்கமும் வெட்டின சின்ன மரங்களை ஐஸ்ல வரிசையா நட்டு வெச்சிருப்பாங்க... அதுக்குள்ளதான் ரோடு. வெளிய போனா ஐஸ் மெல்லிசு.

கரையில வழிய மறிச்ச சங்கிலியப் பிடிச்சிட்டு ஒரு கெழவர். மூஞ்சில சிரிப்பே இல்ல. ஒடஞ்ச இங்கிலீஷ்ல சொன்னாரு. "ஜன்னலத் தொற. பெல்ட்டக் கழட்டு. காலி பெல்ட்ட மாட்டாத."

"மாட்டுனா யாரு வந்து ஒக்காருவா பெருசு?"ன்னு ராய்ஸ் சிரிச்சான்.

கெழவர் பின்சீட்ல இருந்த டார்லீனை ஒரு தடவ பாத்தாரு. சங்கிலிய எறக்கிட்டுத் திரும்பி நடந்துட்டாரு.

ஐஸ் மேல ஏறினதுக்கு அப்புறம்தான் நான் மொதல்ல சொன்ன சண்டை. கடைசில ராய்ஸ் பெல்ட்டைக் கழட்டுனான். பழைய கார் அது... டிரைவர் பெல்ட் போடலன்னா மணி அடிக்கும். டிங்... டிங்... டிங்... நிக்கவே இல்ல.

"தலைவலிடா சாமி"ன்னு ராய்ஸ் பெல்ட்டை இழுத்தான். மேல போடல. முதுகுக்குப் பின்னால விட்டு... டிக். மாட்டிட்டான். நாமளும் செய்யறதுதானே.

"ஐயோ, காலியா மாட்டாதன்னாரே!"

மணி நின்னுச்சு.

ஐஸ் அடியில எங்கயோ தூரத்துல 'டூம்'னு ஒரு சத்தம்.

அப்புறம் இன்னொரு சத்தம்... சர்ர்ர்ருனு. யாராவது ஒக்காந்தா பெல்ட் இறுகுமே, அந்தச் சத்தம்.

"ஏய், முதுகுல கைய வெக்காத. சில்லுனு இருக்கு."

"என் கை ரெண்டும் என் மடிலதான் இருக்கு ராய்ஸ்."

கார் பூரா சேத்து நாத்தம்... நனைஞ்ச கம்பளி நாத்தம். தொறந்திருந்த நாலு ஜன்னலும் மெதுவா, தானா மேல ஏறுச்சு. டார்லீன் பட்டனை அமுக்குறா, நிக்கல. ராய்ஸ் கொஞ்சம் கொஞ்சமா முன்னால வரான். நெஞ்சு ஸ்டியரிங்ல அமுங்குது. அவனுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒக்கார்ற எடம்.

"டார்லீன்... நான் திருப்பல..."

வண்டி மரத்தைச் சாச்சிட்டு வரிசைய விட்டு வெளிய போவுது. டயருக்கு அடியில 'பட பட'ன்னு விரிசல்.

அவ எட்டி, சீட் இடுக்குல கைய விட்டா. பெல்ட்டோட சிவப்பு பட்டனைத் தேடுனா. பட்டன் மேல ஏற்கனவே வேற விரலுங்க இருந்துச்சு. ஈரமா. வழவழன்னு. அவ ஒவ்வொண்ணா பிரிச்சா... அழுதுகிட்டே பிரிச்சா.

டிக்.

ராய்ஸ் பொத்துனு பின்னால விழுந்தான். டிங் டிங்னு மணி. அந்த மணியக் கேட்டு அவங்க சந்தோஷப்பட்ட மாதிரி யாரும் பட்டிருக்க மாட்டாங்க. வண்டியத் திருப்பி, கரை சேந்தாங்க. அப்புறம் வீடு வந்து சேந்தாங்க.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். போன செவ்வாக்கிழமை டார்லீன் டெனிஸுக்கு போன் பண்ணிச் சொல்லிருக்கா. ராய்ஸ் டிவி பாத்துட்டு இருக்கான். கார் சாவி சமையக்கட்டு ஆணில தொங்குது. பூட்டின கராஜ்ல இருந்து... டிங்... டிங்... டிங்...

அவளும் ராய்ஸும் அசையாம கேட்டுட்டு இருந்திருக்காங்க.

அப்புறம் ஒரு டிக். மணி நின்னுடுச்சு.

இப்ப அந்தக் காரை டெனிஸுக்கு சும்மாவே குடுக்கறேங்குறா டார்லீன். டெனிஸும் வாங்கறேங்குறா. தெனமும் காலைல என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போறவ அவதான். உங்கள்ல யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கா? அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்? தயவுசெஞ்சு யாராவது பதில் போடுங்க. சனிக்கிழமை சாவி வாங்கப் போறா.