பதினோரு நிமிட இருட்டு

தகவல் களஞ்சியங்களை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கடமைக்குப் படிக்கிற கூட்டம் அது. கண்ணை மூடிக்கொண்டு நடுவில் எங்கேயாவது பிரிக்க வேண்டும். நேரலையில் முதன்முதலாகத் தும்மிய செய்தி வாசிப்பாளர் யார் என்று இருக்கும். அதன் முடிவில் ‘காண்க: மேசை விளக்குகள்’ என்று இருக்கும். தும்மலுக்கும் மேசை விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பக்கத்துக்குப் போனால், அது அங்கிருந்து, தொடர் நாடகம் ஒன்றின் நூற்று இருபதாம் வாரத்தில் செத்துப்போய், நூற்று நாற்பதாம் வாரத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல் வந்து காப்பி கேட்ட மாமியார் ஒருத்தியிடம் அனுப்பும். மதியம் உட்கார்ந்தவன் தலைநிமிரும்போது ஐந்து மணி ஆகியிருக்கும். இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குத் தெரியாது. இது உங்களுக்குப் புரிந்தால் மீதியும் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர்.

தொலைக்காட்சி வரலாற்றுக்கென்று உள்ள அந்தக் களஞ்சியத்தை இருபத்தாறு வருடமாகத் தொகுத்து வருகிறேன். நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகள். அச்சகத்தில் எனக்கு ‘காண்க’ என்று பட்டப்பெயர். “காண்க வந்துட்டாருப்பா, மூடின பக்கத்தையெல்லாம் பிரிங்க” என்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. என் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போன தேதியைக் கேட்டால் உடனே சொல்வேன். காரணத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பொறி வைத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் மூன்றாம் பதிப்பை வேறொரு பதிப்பகத்தார் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் அச்சுப் பிழைகள்கூட அவர்கள் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“உள்ள ஒரே ஒரு பொய்யை வச்சிடுங்க. அதையும் சேர்த்துத் திருடட்டும். அப்புறம் கோர்ட்ல பாத்துக்கலாம்” என்றார்.

எங்கள் தொழிலில் இது புதிதல்ல. வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத தெருவொன்றை வரைந்து வைப்பதுண்டு. அகராதிக்காரர்கள் இல்லாத சொல்லொன்றைச் சேர்ப்பதுண்டு. நான் ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து என் பொய்யை எழுதினேன். மனப்பாடமாகவே சொல்கிறேன்:

‘பதினோரு நிமிட இருட்டு: நேரலை நாடகக் காலத்தில், முதல் தொலைக்காட்சி நிலையத்தில், குடும்ப நாடகம் ஒன்றின் இறுதிக் காட்சியில் திரை முழுவதும் இருண்டது. சுவிட்ச் அறை ஊழியர் குடித்துவிட்டு உறங்கியதே காரணம். தாயும் மகளும் ஒன்றுசேரும் காட்சியைப் பார்வையாளர்கள் பதினோரு நிமிடம் காதால் மட்டும் கேட்டனர்.’

அப்படியொரு நாடகம் கிடையாது. அப்படியொரு இருட்டும் கிடையாது. ஆனால் நன்றாக எழுதியிருந்தேன். நாலாம் பதிப்பு வந்த ஒரே வருடத்தில் அவர்கள் அதையும் திருடினார்கள். வழக்குப் போடுவதற்குள் முதலாளி மாரடைப்பில் போய்விட்டார். எது பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. வாசகர்களுக்கு அந்தப் பதிவு மிகவும் பிடித்துப்போயிற்று. வினாடி வினாக்களில் கேட்டார்கள். மேடையில் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. ‘அன்றைக்கு நான் அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பெட்டி கெட்டுவிட்டது என்று அப்பா அதன் தலையில் தட்டினார்’ என்று ஒருவர் எழுதினார். அந்தக் காலத்து நடிகை ஒருவர், இருட்டில் வசனத்தை விடாமல் பேசியது தான்தான் என்று பேட்டியே கொடுத்தார். முதல் கடிதத்துக்கு வாய்விட்டுச் சிரித்தேன். பத்தாவது கடிதம் வந்தபோது ஒரு கோப்பு திறந்தேன். ஐந்தாம் பதிப்பு வருவதற்குள் கோப்பில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் கண்ணால் பார்த்த ஒன்றை, எழுதியவன் என்ற ஒரே உரிமையில் நான் இல்லையென்று சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்கள், உங்கள் வேலையில் இரண்டு சாட்சி கிடைத்தாலே போதுமே.

ஒரு கவனக்குறைவு மட்டும் நேர்ந்துவிட்டது. அதை மறைக்கவில்லை. முதல் நிலையத்தின் சுவிட்ச் அறையில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

போன வருடம் அந்தப் பெரியவர் தன் மகளோடு வந்தார். எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடி வெகுகாலம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு ஒரு நிலைக்கு வரவே அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. சட்டையின் மேல் பித்தான் வரை போட்டிருந்தார். புத்தகத்தை மகள்தான் பையிலிருந்து எடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“தம்பி, பத்தொன்பது வருஷம் அந்த ரூம்ல இருந்தது நான் ஒருத்தன்தான்” என்றார். “வேற ஆளே கிடையாது. நான் லீவு போட்டா இன்ஜினியரே வந்து உக்காருவாரு. ஒரு நாள்கூட இருட்டானதில்ல தம்பி.”

“அப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல சார். வாசனை வந்தாலே எழுந்து போயிடுவாரு” என்றாள் மகள். “என் பொண்ணு ஸ்கூல் போட்டியில இந்தக் கேள்விய கேட்டிருக்காங்க. அவ டக்குனு பதில் சொல்லி ஜெயிச்சுட்டா. பரிசா குடுத்தது இந்தப் புஸ்தகம்தான். வீட்டுக்கு வந்து படிச்சுட்டு, தாத்தா, அது நீங்களான்னு கேட்டா சார்.”

பெரியவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப அவ என் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறா. பசங்க குடிகாரன் பேத்தின்னு கூப்பிடுறாங்களாம். ஒரு வரிதானே தம்பி. எடுத்துடுங்க. நான் கண்ணை மூடுறதுக்குள்ள அந்தப் பிள்ள அது பொய்யின்னு தெரிஞ்சுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு பதிவு கற்பனை என்று ஒப்புக்கொண்டால் மீதி நாலாயிரத்தின் கதி என்ன? அவற்றை நம்பிப் படித்துக்கொண்டிருக்கிறவனின் கதி என்ன? பக்கத்தைப் பிரித்ததும் அவனுக்கு வருகிற சந்தோஷத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிடும். ஆதாரம் கொண்டுவாருங்கள், பரிசீலிக்கிறேன் என்றேன். அவரால் கொண்டுவர முடியாது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு தனியாக மாடியேறி வந்துவிட்டார். பத்தொன்பது டைரிகள். எத்தனை மணிக்கு எந்த விளக்கு, எந்த நாடகம், யார் தாமதம், எந்தக் காட்சியில் எந்தத் திரைச்சீலை சிக்கியது என்று வேலைக்குப் போன ஒரு நாளையும் விடாமல் எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளின் கீழும் ‘எல்லாம் சரி’ என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து.

இன்ஸ்பெக்டர், அதைவிட நல்ல களஞ்சியத்தை நான் படித்ததேயில்லை. மூன்று வாரம் சாப்பாடு தூக்கம் மறந்து படித்தேன். நடுவில் பிரித்துப் படித்தேன், பின்னாலிருந்து படித்தேன். அரசகுமாரி வேடம் போட்ட பெண்ணுக்குக் கிரீடம் பெரிதாகி மூக்கில் இறங்கியதும், செய்தி நேரத்தில் பூனை ஒன்று புகுந்து வானிலை முடியும்வரை மேசைக்கடியில் படுத்திருந்ததும் அதில்தான் கிடைத்தன. ஆறாம் பதிப்புக்கு அந்த டைரிகளிலிருந்து மட்டும் இருபத்தேழு புதிய பதிவுகள் எடுத்தேன். டைரிகளைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. என் அலமாரியில் இருக்கின்றன. ஈரம் படாமல் எடுங்கள்.

அப்படியானால் அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியாதா என்பது உங்கள் அடுத்த கேள்வி. நான் இப்படித்தான் யோசித்தேன். பத்தொன்பது வருடமும் ஒரு நாள் தவறாமல் ‘எல்லாம் சரி’ என்று எழுதுகிற மனிதரை எப்படி நம்புவது? எந்த வேலையிலாவது தினமும் எல்லாம் சரியாக இருக்குமா?

ஆறாம் பதிப்பில் அந்தப் பதிவை எடுக்கவில்லை. முழுமையாக்கினேன். முந்தைய பதிப்புகளில் ஊழியரின் பெயர் இல்லாதது ஒரு குறையாகவே இருந்தது. இப்போது அவரே வந்து பெயரைச் சொல்லிவிட்டார். தெரிந்த பிறகும் அதை விட்டுவிடுவது வாசகனை ஏமாற்றுவதுதான். பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பிறந்த ஆண்டும் ஒரு சிறு கோடும் போட்டேன். கோட்டுக்குப் பிறகு வெற்றிடம் விட்டேன்.

திருத்தம் முடித்து, கடைசிப் பக்கங்களை அச்சுக்கு மூடுகிற நாள் அது. மதியம் இரண்டேகாலுக்குப் பெரியவர் வந்தார். இந்த முறையும் தனியாகத்தான்.

“எடுத்தாச்சா தம்பி? பேத்திகிட்ட இன்னைக்குச் சொல்லிடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றார்.

அந்தப் பதிவு இருந்த பக்கத்தின் மெய்ப்புத் தாள் மேசையில்தான் கிடந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். நான் தடுக்கவில்லை. படிக்கிறவர்களை நான் எப்போதும் தடுத்ததில்லை.

“தம்பி, என் பேரு போட்டிருக்கு” என்றார்.

“ஆமாங்க ஐயா. போன பதிப்புல அது விட்டுப்போச்சு.”

அவர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். முகம் வெளுத்து வியர்த்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன மாத்திரை டப்பா ஒன்றை எடுத்துவிட்டார். மூடியைத் திறக்க விரல்களுக்குத் தெம்பில்லை. “நாக்குக்கு அடியில வைக்கணும். கொஞ்சம் திறந்து குடு” என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். திறக்கவில்லை. அந்த டப்பா மேசைமேல் எப்படி வந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மின்விசிறிக் காற்றில் மெய்ப்புத் தாள் பறந்துகொண்டிருந்தது. அதன்மேல் வைத்தேன்.

முன்பு உங்களிடம் சொன்னது, டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவர் மயங்கிக் கிடந்தார் என்பது, சரியல்ல. நான் எங்கும் போகவில்லை. தொலைபேசியை எடுத்தேன். ஆம்புலன்ஸ் எண் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத எண் குறைவு. அச்சகத்துக்குப் போட்டேன்.

“மூணு மணிக்குப் பக்கத்தை மூடுறோம் சார், மறுபடியும் என்ன காண்கவா?” என்றார் ஃபோர்மேன்.

இருட்டுப் பதிவில் கோட்டுக்குப் பிறகு இறந்த தேதியைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

“அடப்பாவமே. எப்ப சார் போனாரு?”

“இன்னைக்கு” என்றேன்.

பெரியவர் அதைக் கேட்டார். கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் தன் திருத்தப் பதிவேட்டில் இரண்டு நாற்பது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு வரியால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நேரத்தைக் குறிக்காமல் எந்தத் திருத்தத்தையும் வாங்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

மூன்று ஐம்பதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். தூக்கிப் போகும்போது அவருக்கு மூச்சு இருந்தது. நாலு இருபத்தைந்துக்கு வழியில் போனது. மருத்துவமனைச் சான்றிதழும் அதையேதான் சொல்கிறது. தேதி தப்பவில்லை.

இரண்டு நாற்பதிலிருந்து மூன்று ஐம்பதுவரை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். சிவப்புப் பேனா கையில் இருந்தது. அவர் விரல் நகர்ந்து நகர்ந்து தாளின்மேல் போய், அந்தப் பதிவின்மேல் நின்றது. “அடிச்சுடு தம்பி” என்றார். மாத்திரையை அவர் மறுபடி கேட்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அந்த வரியை மட்டும்தான் கேட்டார். அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மூடிய பக்கத்தில் நான் என்ன செய்ய முடியும்?

அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். நான் அவருக்குக் கடைசிவரை வாய்ப்புக் கொடுத்தேன். பக்கத்தில் குனிந்து, “ஐயா, நாற்பத்து மூணு பேர் பாத்திருக்காங்க, அன்னைக்குக் குடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று எவ்வளவோ கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நிமிடமே டப்பாவைத் திறந்து கொடுத்திருப்பேன்.