டாங்கிக்குள் இருந்த கேத்தல்

பெயர்: அழகுமுத்து மேனகா. வயது: 43. தொழில்: வீட்டு வேலை. வசிப்பிடம்: கொட்டாஞ்சேனை.

நான் அம்மா வெள்ளையம்மாவுடன் வசிக்கின்றேன். வெள்ளவத்தையில் நாகேந்திரம் ஐயாவின் ஃபிளாட்டில் ஆறு வருடமாகச் சுத்தம் செய்கின்றேன். அவருடைய மகள் நாலு வருடத்துக்கு முன் லண்டனிலிருந்து அனுப்பிய செலஞ்சர் 2 என்ற பிரிட்டிஷ் யுத்த டாங்கியின் சிறிய மாதிரி கண்ணாடி அலுமாரியில் உள்ளது. என் முழங்கை நீளம்தான். வெள்ளி தோறும் அதைப் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். அம்மாடி, சக்கரத்தைச் சுற்றிய சங்கிலியின் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக அசையும், கடுகு அளவில் ஆணித்தலைகள். மனுசக் கைதானா செய்தது என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன்.

நேற்று வெள்ளிக்கிழமை நகம் பட்டு மேல்மூடி திறந்துகொண்டது. அதன் பின்னர் போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கைகளும் ஓரத்தில் ஒரு சதுரப் பெட்டியும் தெரிந்தன. டாங்கியோடு வந்த புத்தகத்தில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் கோப்பைப் படம் கீறியிருந்தது. தேத்தண்ணிக் கேத்தல்! சண்டைக்குப் போற வண்டிக்குள்ள!

அதன் பின்னர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர், இப்போது நடக்கமாட்டார். "போடி பொய்க்காரி, எவனாச்சும் பீரங்கி வண்டிக்குள்ள தேத்தண்ணி ஊத்துவானா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இன்று காலை ஐயா கோயிலுக்குப் போன நேரம் டாங்கியைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். "அடியே, நாங்க எடுத்த கொழுந்து இதுக்குள்ளயும் போயிருக்கும்டி" என்றார். அதன் பின்னர் உடனே திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்குள் ஐயா முறைப்பாடு செய்து, ஃபிளாட் வாசலில் பொலிஸ் நின்றது.

கேட்காமல் எடுத்தது என் பிழை. ஆனால் நான் கள்ளி இல்லை.

இங்கே பொலிஸ் நிலைய மேசையில் டாங்கியை வைத்ததும் மூடியைத் திறந்து காட்டினேன். சார்ஜன்ட் மாத்தயா குனிந்து பார்த்து "அம்மோ!" என்றார். மற்றவர்களும் வரிசையாகப் பார்த்தார்கள். கடைசியாக நாகேந்திரம் ஐயா பார்த்தார். நாலு வருடத்தில் அவர் அந்த மூடியைத் திறந்ததே இல்லையாம். "ஓம், கேத்தல்தான்" என்றார். அதன் பின்னர் இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

வேறு ஏதும் சொல்ல உண்டா என வினவப்பட்டபோது கூறுவதாவது: புதிதாக வேலைக்கு வருகிறவரை டாங்கியைத் துணியால் துடைக்க விடவேண்டாம். பின்பக்க அன்டெனா இரண்டும் தலைமுடி மாதிரி, ஒடிந்துவிடும். பிரஷ் குசினியில், கரண்டிகள் கிடக்கிற லாச்சிக்குள் இருக்கிறது.

எழுதியதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், உண்மைதான்.

ஒப்பம்: அ. மேனகா