பக்கத்து சீட் காலி

இரவு இரண்டு பத்து. கம்பெனியின் சோதனைச் சாலை... பதினொரு கிலோமீட்டர், ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. நம் தடியன் இருக்கிறானே, அவன் அத்தானுக்கு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

காருக்கு மூளை ஒன்றல்ல. பிரேக்குக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று. தனித்தனியே சோதித்தால் எல்லாம் சமத்து. சேர்த்துவிட்டால்தான் குடுமிப்பிடி. சேர்த்து ஓட்டிப் பார்ப்பது அத்தானின் வேலை.

போன வருடம், ஆளில்லாத பக்கத்து சீட் பெல்ட் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. 'இந்த சீட் எப்போதும் காலி' என்று சாஃப்ட்வேரில் ஒரு வரி சொருகினார். சோதனை முடிந்ததும் எடுக்க வேண்டும். மறந்தார். மறுநாள் அந்த சீட்டில் போனவன் அத்தானோடு வேலை பார்த்த ஒல்லிப் பையன், பட்டப்பெயர் குண்டூசி. நாற்பத்தேழு கிலோ. கார் சுவரில் மோதியது. காலி சீட்டுக்கு ஏர்பேக் எதற்கு? விரியவில்லை.

குண்டூசி பிழைக்கவில்லை. அத்தான் வரியை அழித்தார். 'பெல்ட் போடவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். "நெஞ்சுல பெல்ட் தடம் இருந்துச்சே!" என்று அவன் மனைவி வாசலில் கத்தினாள். கேட்டைச் சாத்தினார்கள்.

ஒரு வருடம் கழித்து, நான் முதலில் சொன்ன அந்த இரவு, அத்தான் தனியாக ஏறினார். திரையில் அவர் எடை, எழுபத்தொன்று. நான்காவது கிலோமீட்டரில்...

பீப். பீப்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூட்டாளி போனில் கேட்டான். "பக்கத்துல யாரு பாஸ்?"

"உன் மாமியாரு. யாருமில்லப்பா."

"நாப்பத்தேழு கிலோ காட்டுது..."

கருகிய ரப்பர் வாடை. அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"காலின்னு போட்டு விடு."

"மறுபடியுமா பாஸ்?"

"போடுடா!"

போட்டான். பீப் நின்றது. பக்கத்தில் பெல்ட் இழுபடும் சத்தம்... டக். பூட்டிக்கொண்டது.

"பாஸ்... இப்ப உங்க சீட்டும் காலின்னு காட்டுது."

வளைவு. அத்தான் பிரேக்கை மிதித்தார். ஆளில்லாத சீட்டிலிருந்து வரும் மிதியை பிரேக்கின் மூளை மதிக்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தார். அதே சுவர்.

பக்கத்து ஏர்பேக் விரிந்திருந்தது. அவருடையது விரியவில்லை. கூட்டாளி வரியை அழித்தான். 'பெல்ட் போடவில்லை' என்று எழுதிக் கொடுத்தான். தடியனின் அக்கா வாசலில் நின்று தடத்தைப் பற்றிக் கத்தினாள்.

நசுங்கிய காரை ஷெட்டில் நிறுத்தி, கடைசியாக ஒருமுறை திரையைப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே யாருமில்லை.

டிரைவர் சீட்... காலி.

பக்கத்து சீட்... நூற்றுப்பதினெட்டு கிலோ.