நூற்று நாற்பது பேர்

எட்டு அட்டைகள் வரை ஒருவர் சலிக்காமல் பதில் சொல்வார். பன்னிரண்டு காட்டினால், அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார். அதனால் எட்டோடு நிறுத்தினேன். மக்களுடைய நேரத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, மேடம். உங்கள் விசாரணைக் குறிப்பில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலக்கரிக் கிடங்கை விரிவாக்க எண்ணூர் முகத்துவாரத்தில் ஆயிரத்து நூறு குடும்பங்களை நகர்த்த வேண்டியிருந்தது. எங்கே குடியமர்த்தலாம் என்று கண்டறியும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு வீடுகள். ஒன்று பெரிது, தண்ணீரிலிருந்து தூரம். மற்றது சிறிது, கொஞ்சம் பக்கம். சில வீடுகளோடு பிள்ளைக்கு ஒரு வேலையும் உண்டு. எது வேண்டும், அல்லது இரண்டும் வேண்டாமா என்று கேட்போம். ஊரில் எல்லோரும் ஒரே மனதுடன் இருப்பதில்லை. பதில்களுக்குள் எத்தனை வகை மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று கணினி பிரித்துச் சொல்லும். போதுமான பேரைக் கேட்டிருந்தால் மட்டும்.

கேள்விகளைச் சிலரிடம் கேட்டுச் சோதிக்கும் முன்னோட்டத்துக்கு என் சித்தி புஷ்பவல்லிதான் வீடு வீடாக அழைத்துப் போனார். அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவர். "இவன் எங்க அக்கா புள்ள பாரி. மறைக்காம சொல்லுங்க. நம்மள வுட்டுக் குடுக்க மாட்டான்" என்றார். அவர்களும் மறைக்கவில்லை.

அந்த ஆயிரத்து நூறில் எண்பது குடும்பங்கள் தனி ரகம் என்று எனக்கு முன்பே தெரியும். படகோ வலையோ இல்லாதவர்கள். பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீர் வற்றும் நேரத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். சித்தியும் சித்தப்பா கிருஷ்ணப்பனும் அதில் சேர்த்தி. தண்ணீர் நடக்கும் தூரத்தில் இல்லையென்றால் அரண்மனையும் வேண்டாம் என்பார்கள்.

முழுக் கணக்கெடுப்பில் எத்தனை பேரைக் கேட்பது என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள். கணினியில் பொய்யான ஊர் ஒன்றை உண்டாக்கி, பலமுறை ஓட்டிப் பார்த்தேன். இது வழக்கமான முறைதான். அறுநூறு பேரைக் கேட்டால், பத்தில் ஒன்பது தடவை அந்தச் சிறு கூட்டம் தனியாகத் தெரிந்தது. நூற்று நாற்பது பேரைக் கேட்டால், பத்தில் ஒரு தடவைதான். மற்ற தடவைகளில், பெரிய வீடு கேட்பவர்களுக்குள் கரைந்துவிட்டது.

நூற்று நாற்பது என்று எழுதினேன்.

அறிக்கையில் இரண்டே வகையினர். பெரிய வீடு விரும்புபவர்கள், பிள்ளைகளுக்கு வேலை விரும்புபவர்கள். எந்த எண்ணையும் நான் திருத்தவில்லை. அத்திப்பட்டுக்கு அப்பால், ஏழு கிலோமீட்டர் தள்ளி, அடுக்குமாடி கட்டினார்கள். வீடுகள் பெரியவைதான். நீர் வற்றும் நேரத்துக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. சித்தப்பா விடியலில் நடந்து போகையில் கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது. பறி மட்டும் நசுங்காமல் கிடந்தது என்று சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி கல்மண்டபத்துக்கு, என் வீட்டுக்கு வந்தார். அழவில்லை.

"தண்ணி பக்கத்துலதான் வோணும்னு அத்தினி பேரு சொன்னமே நைனா. அந்த புக்குல எங்கனா ஒரு எடத்துல கீதா?"

"கணக்குல தெரில சித்தி."

"உனுக்குமா தெரில?"

என் மனைவி ரேகா டீ கொண்டுவந்து வைத்தாள். சித்தி அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். ஏனென்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ரேகா வியாசர்பாடிப் பெண். எங்கள் சாதி இல்லை. இந்த வேலை என்னிடம் வருவதற்கு முன்பு நடந்த எங்கள் கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் தள்ளிவைக்கப்படும் என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு நாற்காலிகள் முகூர்த்தம் முடியும் வரை காலி. சித்தி அன்று இறாலுக்குப் போயிருந்தார். அந்த நாற்காலிகள் இன்னும் என் நெஞ்சை அறுக்கின்றன.

இதைப் பழிவாங்கல் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். ஐம்பது பேரை வைத்தும் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒரு தடவைகூட அவர்கள் தெரியவில்லை. பழிவாங்குபவன் ஐம்பதைத்தான் எடுத்திருப்பான். நான் அவர்களுக்குப் பத்தில் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். எனக்கு அவர்கள் அதுகூடக் கொடுக்கவில்லை.