கன்னத்து மேடு இல்லாத கட்டை

எரநூத்தி நாப்பது டாலரா? அண்ணே, இந்த மரக்கட்டைக்கு மட்டுமா, இல்ல நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியும் சேத்தா? கோவிச்சுக்காதீங்க. வாயத் தொறந்தா இப்படித்தான் வரும் எனக்கு. பழைய லாரி டயர வாங்கி விக்கிறவன் வாய் இது. பள்ளிக்கூடத்துல வாத்தியார்கிட்டயே மார்க்குக்குப் பேரம் பேசி வெளிய வந்தவன்.

ஐயோ, துப்பாக்கி வேணாம்ணே. துப்பாக்கி வீட்ல இருக்கு. போல்ட்ட இழுத்து இழுத்துச் சுடுற ரகம். குழல், விசை, இரும்புன்னு இருக்கிறது எல்லாம் பத்திரம். தோள்ல வச்சுப் புடிக்கிற கட்டைதான் இல்ல. அடுத்த வாரம் மான் சீசன் தொறக்குது. கட்டை இல்லாத குழாயத் தூக்கிட்டு மச்சான் டெல்பர்ட்டோட வேட்டைக் கேம்ப்புக்குப் போனா, அடுப்புக்குப் புகைக்குழாய் வந்துருச்சுன்னு சொருகிடுவான்.

பழைய கட்டையா? சொல்றேன், சிரிக்கக் கூடாது.

போன சீசன்ல பரண் மேல உக்காந்திருக்கேன். கீழ ஒரு கிடா மான், பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குது. சுட்டேன். அது நிமிந்து பாத்துச்சு. மறுபடி சுட்டேன். மெதுவா நடந்து போச்சு, ஓடக்கூட இல்ல. அதுதாண்ணே மானம் போன எடம், ஓடியிருந்தாலாவது மரியாதை. டெல்பர்ட் கேம்ப் முழுக்கச் சொல்லிட்டான், மாமா மானுக்கு மணி அடிச்சுக் கூப்பிட்டு வழியனுப்பி வச்சாருன்னு. அதுக்கப்புறமும் விட்டேன். ஒண்ணும் விழல.

என் மேல தப்பு இருக்குமா? இருக்கவே இருக்காதே! கட்டைதான் காரணம்னு முடிவு கட்டிட்டேன். மரம் ஈரத்துல ஊதிக் குழல நெருக்குதுன்னு. அதுக்கு வைத்தியம் உண்டுல்ல, ரெண்டு பசையக் கலந்து கட்டைக்குள்ள ஊத்தி, இரும்ப அதுல உக்கார வச்சு இறுக விடுறது. அதான், அதேதான். பசை வித்தவன் சொன்னான், மொதல்ல இரும்புல மெழுகு பூசிருங்க, இந்தாங்க மெழுகு டப்பான்னு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. ஒரு சாமான் வாங்க வந்தவன் தலையில ரெண்டாவது சாமானக் கட்டுற வேலையெல்லாம் நான் டயர் கடையில எத்தனை வருஷமா பண்றேன், என்கிட்டயேவான்னு கத்திட்டேன். பசைக்கு வெலையக் கொறச்சு, மெழுக அவன் மேசையிலயே வச்சுட்டு, விசிலடிச்சுக்கிட்டே வந்தேன்.

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க.

ஆமாண்ணே. மெழுகு இல்லாம இரும்பும் கட்டையும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. எனக்கும் வெர்னாவுக்கும் நடந்த கல்யாணம்கூட அவ்வளவு கெட்டியா ஒட்டல. யாரோ சொன்னாங்க, குளுர வச்சா பசை விட்டுரும்னு. போல்ட்டக் கழட்டிட்டுக் கறிப்பெட்டி ஃப்ரீசர்ல படுக்க வச்சேன். வெர்னா புளூபெர்ரி எடுக்கப் போனவ, மூடியப் புடிச்சுக்கிட்டே நின்னு, ஏங்க, இத வறுக்கணுமா, வேக வைக்கணுமான்னு கேட்டா. ரப்பர் சுத்தியால தட்டினேன். அசையல. அப்புறம் எனக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்தா ரப்பர் சுத்தி பத்தாது எனக்கு. இரும்புச் சுத்தி வந்துச்சு, கட்டை நீளவாக்குல பொளந்து போச்சு. அந்தச் சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு சவுனா அடுப்புல அதத்தான் வச்சோம். ஒரு வருஷமா அந்தத் துப்பாக்கி செஞ்ச ஒரே உருப்படியான வேலை இதுதான்னா வெர்னா.

இல்ல, இந்த வால்நட் மரக்கட்டை வேணாம். அழகுதான், யார் இல்லன்னது? கன்னம் சாய இடதுபக்கம் மட்டும் மேடு வச்சிருக்கான் பாருங்க, எனக்கு ஆகாது. அதுவா? அதுலயும் மேடு இருக்கு, வெயிட்டும் கல்லு மாதிரி. கட்டைவிரல் நுழையிற ஓட்டை வச்சதா? அது ராசா வீட்டுப் புள்ளைக்கு.

அந்த அடியில கெடக்கே, கறுப்பு பிளாஸ்டிக், அத எடுங்க. அசிங்கமா இருந்தா என்ன, நான் அத டான்ஸுக்கா கூட்டிட்டுப் போறேன்? இருங்க, அளவு பாக்கணும். என்னோடது குட்டை போல்ட். அட்டையில வரைஞ்சு வெட்டி எடுத்தாந்திருக்கேன், திருகு ஓட்டையெல்லாம் குறிச்சு. ஒக்காருது! தொண்ணூறா? கீறல் விழுந்திருக்கே. அம்பது. சரி, யோசிங்க, நான் தோள்ல வச்சுப் பாக்குறேன்.

என்னது? இடது தோள்ல வைக்கிறேனே, இடதுகைக்காரனான்னா? இல்ல, நான் வலதுகைக்காரன்தான். போல்ட்டும் வலதுபக்கம்தான். இடதுபக்க போல்ட்டுன்னா புதுத் துப்பாக்கியே வாங்கணும், அதுக்கு டயர் கடைய வித்தாலும் பத்தாது. கைய மேல கொண்டுபோய் இழுத்துக்குவேன். பின்பக்கத் தோட்டத்துல தொடப்பக் குச்சிய இடது தோள்ல வச்சுப் பழகிட்டுத்தான் இருக்கேன். பக்கத்து வீட்டம்மா கையாட்டுறாங்க, பாவம், புத்தி பேதலிச்சுருச்சுன்னு நெனச்சுட்டாங்க போல.

வலது கண்ணு போயிருச்சுண்ணே. நடுவுல மட்டும். இப்ப இடது கண்ண மூடிட்டுப் பாத்தா உங்க தொப்பி தெரியுது, ரெண்டு காதும் தெரியுது, நடுவுல நீங்க இல்ல. பார்வை திரும்பி வராதுன்னுட்டாங்க டாக்டருங்க. இடது கண்ணு கழுகு மாதிரி இருக்கு, லாரி ஓட்ட ஒண்ணும் சொல்லல. டெல்பர்ட்டுக்குத் தெரிஞ்சா பரண்ல எடம் கெடையாது, கேம்ப்புல சமைக்க வச்சுடுவான். காகிதத் தட்டுல குறி சரியா விழுகுற வரைக்கும் மானப் பாத்து நானும் விசையத் தொட மாட்டேன், அது வேற.

என்னது? முப்பது போதுமா?

யோவ், என்ன நெனச்சுக்கிட்டே? நான் கேட்ட வெல என்ன? அம்பது. கட்டையில கீறல் இருக்குன்னு கொறச்சுக் கேட்டேன், கண்ணுக்கா தள்ளுபடி கேட்டேன்? இன்னொரு தரம் முப்பதுன்னு சொன்னே, கட்டைய இங்கயே போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்.

இந்தா, புடி அம்பது.