மூணு இழை ஜடை

"மூத்திரத்துல ரத்தம் போற எலியாப் பாத்துத்தான் எங்க லேப்ல வளக்கறோம்" என்றாள் எதிர் சீட்டுக்காரி, சத்தமாக. தளேகாவில் ஏறிய புனே லோக்கல் ரயிலில் தமிழ் யாருக்குப் புரியும் என்கிற தைரியம்.

"அது எதுக்குக்கா?" என்றான் பக்கத்திலிருந்த தம்பி.

"கிட்னி சல்லடையில ஒரு சவ்வு இருக்குடா. கொலாஜன்கிற புரதத்தோட மூணு இழையைப் பின்னின ஜடை மாதிரி. ஒரு மரபணு கெட்டா ஒரு இழை வராது. அது இல்லாம மத்த ரெண்டும் நிக்காது. சவ்வு கிழிஞ்சிடும்."

"எலி?"

"செத்துடும். ஒரு ஜாதி எலி சீக்கிரம், இன்னொண்ணு மெதுவா. கோளாறு என்னவோ ஒண்ணுதான்."

"போன வாரம் ஜுரத்துல எனக்கும் ஒண்ணுக்கு கோலா கலர்ல போச்சு. உடம்புச் சூடுன்னு அம்மா இளநீர் வாங்கித் தந்தா."

அவள் கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"மாமாவுக்கும் இப்படித்தான்டா. அதே இழை காதுலயும் இருக்கு. கிட்னி போறதுக்கு முன்னாடியே அவருக்குக் காது மந்தமாச்சு."

"இப்ப மாமாவை எதுக்கு இழுக்கறே?" என்று போனை எடுத்துக்கொண்டான்.

கட்கி ஸ்டேஷனில் வண்டி நின்று சத்தம் அடங்கியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெல்லிய குரலில், "தம்பி, நான் பேசறது கேக்குதா?" என்றாள்.

எனக்குக் கேட்டது.