வெண்டல் ஆர்கட்டின் ஜெனரேட்டரை நிறுத்தியது பற்றி

என் பெயர் லோர்னா ஹாஸ்கெட். வயது அறுபத்து மூன்று. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். நிலையான முகவரி கிடையாது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பதினேழு அடி டிரெய்லர் வீடு ஒன்றில், டீக்கன் என்ற பூனையுடன், அரிசோனாவில் கட்டணம் இல்லாமல் தங்க விடும் அரசு நிலங்களில் மாறி மாறித் தங்கி வருகிறேன். தபால்கள் தெற்கு டகோட்டாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்குப் போகின்றன. அந்த ஊரில் நான் தங்கியது ஒரே ஓர் இரவு. முகவரி என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் துணை ஷெரீப் இபார்ரா சொன்னதால் அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே வந்திருக்கிறேன். நாயைப் பூட்டிய டிரெய்லருக்குள் வெயிலில் விட்டுச் சாகடித்ததாக வெண்டல் ஆர்கட், வயது எழுபத்தெட்டு, என்பவர் மீது தாங்கள் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் அவர் அல்ல, நான்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி மெஸ்கல் ஓடைப் படுகையில் என் டிரெய்லரை நிறுத்தினேன். அங்கே தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எதுவும் இல்லை. பதினான்கு நாள் வரை தங்கலாம், பிறகு கிளம்பிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து வெண்டல் வந்து எனக்கு அறுபது அடி தள்ளித் தன் டிரெய்லரை நிறுத்தினார். சுற்றிலும் அத்தனை நிலம் கிடக்க என் பக்கத்திலேயே வந்து நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. அவருடன் ஹேஸல் என்ற பதினான்கு வயது நாய் இருந்தது. அதற்கு ஒரு கண் தெரியாது. இறந்துபோன அவர் மனைவி ஜீன் வளர்த்த நாய். அவர் எங்கே போனாலும் அது பிக்கப் வண்டியின் முன் இருக்கையில் ஏறிக்கொள்ளும். டிரெய்லரில் ஊர் ஊராகத் திரியும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அப்படித்தான், பிள்ளைகளை விட்டுவிட்டு வருவோம், நாய் பூனையை விட மாட்டோம்.

வெண்டல் கலகலப்பான மனிதர். மின்கம்பம் ஏறி வேலை பார்த்தவர். நான் பேருந்து ஓட்டினேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை டிரைவரம்மா என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவரிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. முப்பத்தொரு வருடம் என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். என் பங்குச் சத்தத்தை நான் கேட்டு முடித்துவிட்டேன். அமைதிக்காகத்தான் அந்த வனாந்தரத்தில் கிடக்கிறேன்.

ஏப்ரல் ஏழாம் தேதி மதியம் அவரிடம் போய், "வெண்டல், அது ஜெனரேட்டரா, இல்ல புல்லு வெட்டுற மிசினா? காது கிழியுது" என்றேன். அதற்கு அவர், "ஹேஸலுக்கு வெயிலு தாங்கல, டிரைவரம்மா. ஏசி போட்டாத்தான் மூச்சு வாங்காம படுக்குது. ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கங்க" என்றார். ஆகவே அந்தச் சத்தம் எதற்காக என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான், "வெயிலு தாங்காதவங்க இந்நேரம் வடக்கே போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் வெண்டலின் பிக்கப் நகரப் பக்கம் கிளம்பியது. முன் இருக்கையில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. ஹேஸல் என்று நினைத்தேன். அது துவைக்க எடுத்துப் போன துணி மூட்டை என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் உற்றுப் பார்க்கவில்லை. ஆளும் இல்லை, நாயும் இல்லை, மனிதர் வெறும் டிரெய்லரைக் குளிர வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எரிச்சல் வந்தது. பதினொரு மணி வரை பொறுத்தேன். அதன் பிறகு நடந்து போய் அதை நிறுத்தினேன். பெட்ரோலை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் நல்ல எண்ணம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். சத்தம் தாங்கவில்லை, நிறுத்தினேன்.

கதவைத் தட்டிப் பார்த்தீர்களா, உள்ளே எட்டிப் பார்த்தீர்களா என்று துணை ஷெரீப் கேட்டதற்கு, இல்லை என்பதே என் பதில். நாய் குரைத்ததா என்று கேட்டதற்கு, குரைக்கவில்லை. ஹேஸல் குரைக்கும் வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டது. அதன் பிறகு என் டிரெய்லரின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நன்றாக அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் அனுபவித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று நூற்று நான்கு டிகிரி வெயில்.

வெண்டல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். ஊரில் அவருடைய மகள் கார்லா ஏற்பாடு செய்திருந்த மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். மறதிக்கான பரிசோதனை; நாயை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அதை விட்டுப் போயிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. அவர் கதவைத் திறந்து உள்ளே போனதைப் பார்த்தேன். அதன் பிறகு அவர் அந்த நாயை, அது சின்ன நாய் அல்ல, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். பிரயோஜனம் இல்லை.

அவர் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. டேங்க் நிறைய இருக்கு. நான் போடவே இல்ல போலிருக்கே, டிரைவரம்மா. போட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிருக்கேன்" என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு வந்த அதிகாரியிடமும் அவர் அதையே சொன்னார். ஜெனரேட்டரைப் போட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். என்னைக் கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அது பொய்யான வாக்குமூலம். மறுநாள் காலை வண்டியைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து கிளம்பினேன். பதினான்கு நாள் முடிந்துவிட்டது என்று எதிரில் வந்தவரிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

நாற்பது மைல் தள்ளி ஓரிடத்தில் ஒரு வாரம் இருந்தேன். பதினாறாம் தேதி தண்ணீர் பிடிக்க ஊருக்கு வந்தபோது, வெண்டலின் டிரெய்லர் பெட்ரோல் பங்க் ஓரத்தில் விற்பனைக்கு என்ற அட்டையோடு நிற்பதைப் பார்த்தேன். பங்க்கில் இருந்த பெண், "பாவம், கெழவருக்கு மூளை கலங்கிப்போச்சாம். மக வந்து சாவியெல்லாம் வாங்கிக்கிட்டா. முதியோர் ஹோம்ல சேக்கப் போறாளாம்" என்றாள். நாய் செத்தது என் கையால் என்பது ஒரு வாரமாக என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு மனிதரை அவர் புத்தியையே நம்பவிடாமல் ஆக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்று காலை வெண்டலும் அவர் மகளும் தங்கியிருக்கும் விடுதி அறைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். கார்லா, "வெளிய போங்க. இப்பவே போங்க" என்று கத்தினாள். வெண்டல், "இரும்மா" என்று அவளை நிறுத்தினார். என்னிடம் நாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் ஜெனரேட்டர் கயித்த இழுத்தேனா?" என்று கேட்டார்.

"இழுத்தீங்க வெண்டல். ரெண்டாவது இழுப்புல புடிச்சுது. நான் கேட்டேன்."

"ஏசி ஓடுச்சா?"

"ஓடுச்சு. பின்பக்கம் தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. பார்த்தேன்."

அவர் மகளிடம், "கேட்டுக்கிட்டியா? நான் போட்டுட்டுத்தான் போயிருக்கேன்" என்றார். அதன் பிறகுதான் அழுதார். நான் கிளம்பும்போது, "போலீசுல போய் இத அப்படியே சொல்லுங்க. எங்கயும் என் பக்கத்துல மட்டும் இனி வண்டிய நிறுத்தாதீங்க" என்றார். அவர் என்னை லோர்னா என்றும் கூப்பிடவில்லை, டிரைவரம்மா என்றும் கூப்பிடவில்லை. அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு சொல்லியிருக்கிறேன். துணை ஷெரீப் இபார்ரா முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, நிறுத்தினேன் என்று எழுதச் சொன்னேன். அவர் திருத்தினார். திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) லோர்னா ஹாஸ்கெட்
ஏப்ரல் 18, பிற்பகல் 1.40